செருப்பு மாடத்தின் ஓரத்தில்



மஃக்ரிப் தொழுகை முடிந்ததும் நம் பள்ளிவாசலின் மாடியறைக்குப் பிள்ளைகள் ஏறி வருவார்கள். ஆறு வயது முதல் பன்னிரண்டு வயது வரை 38 பேர். டியூஷனிலிருந்து நேரே வருபவர்கள் பள்ளிச் சீருடையைக்கூட மாற்றியிருக்க மாட்டார்கள். இஷாவுக்குப் பாங்கு சொல்லும் வரை நமக்குக் கிடைப்பது ஏறக்குறைய ஒரு மணி நேரம். 60 நிமிடத்தை 38 பேருக்குப் பகிர்ந்தால் ஒரு பிள்ளைக்கு ஒன்றரை நிமிடம். இந்தக் கணக்கை நாம் மக்தபில் ஓதிக் கொடுக்கத் தொடங்கிய பதினேழு ஆண்டுகளில் ஒரு நாளும் போட்டுப் பார்த்ததில்லை. சென்ற ஆண்டுதான் போட்டுப் பார்த்தோம். அதற்குக் காரணமான ஒரு சிறுவனைப் பற்றியும், அவனால் நம் வகுப்பறை மாறிய விதத்தைப் பற்றியும் பெற்றோர்களாகிய உங்களிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

அதுவரை நம் அறையின் அமைப்பு, நாம் சிறு வயதில் ஓதிய மக்தபின் அமைப்பேதான். மேற்குச் சுவரோரம் ஹஜரத்தின் சிறு மேசை. அதன் முன்னே குர்ஆன் ஓதும் பிள்ளைகள். அவர்களுக்குப் பின்னால் அம்ம ஜுஸ்வு ஓதுபவர்கள். கடைசியில், வாசலையொட்டிய செருப்பு மாடத்தின் ஓரத்தில், கைதா பிள்ளைகள். ஒவ்வொருவராக எழுந்து வந்து மேசையின் முன் அமர்ந்து முந்தைய நாள் பாடத்தை ஒப்பிப்பார்கள். மூத்த மாணவர்கள் இளையவர்களுக்குப் புதிய பாடத்தைச் சொல்லிக் கொடுப்பார்கள். அனைவரும் உரத்த குரலில் ஓத, அந்த ஓசை தெரு முனை வரை கேட்கும். அவ்வழியே போகும் பெரியவர்கள் நின்று கேட்டுவிட்டு, மக்தப் நன்றாக நடக்கிறது என்று மகிழ்ச்சியோடு செல்வார்கள். நாமும் அப்படித்தான் நம்பியிருந்தோம்.

அந்தச் சிறுவனுக்கு ஒன்பது வயது. வாப்பா சபரில் இருக்கிறார். இரண்டு ஆண்டுகளாக நம்மிடம் ஓதுகிறான். அம்ம ஜுஸ்வின் 37 சூராக்களில் பெரும்பாலானவற்றை முடித்துவிட்டான். குரல் இனிமை, தடுமாற்றம் கிடையாது. பாடம் கேட்கும்போது நமக்கு வேலை வைக்காத பிள்ளை என்பதால் அவன் மீது நமக்குத் தனிப் பிரியமும் உண்டு. அவனுடைய வாப்பா விடுமுறையில் வரும்போது குர்ஆன் தொடங்கி வைத்து, அறை முழுவதற்கும் சீரணி கொடுக்க வேண்டும் என்று அவன் உம்மா சொல்லி அனுப்பியிருந்தார்.

ஒரு நாள் மாலை அவன் அல்முதஃப்ஃபிஃபீன் சூராவை ஒப்பித்துக்கொண்டிருந்தான். நாம் வழக்கம்போல் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தோம். பின்னாலிருந்து யாரோ அழைக்க, கண் திறந்தபோது அவனுடைய ஜுஸ்வு நம் பார்வையில் பட்டது. தாள் ஒட்டிக்கொண்டிருந்ததால் திறந்திருந்த பக்கம் அல்இன்ஷிகாக். அவன் விரல் அந்தப் பக்கத்தின் வரிகளில் ஒழுங்காக நகர்ந்துகொண்டிருந்தது. வாய் வேறொரு சூராவைப் பிழையின்றி ஓதிக்கொண்டிருந்தது.

நிறுத்தச் சொன்னோம். பக்கத்தின் நடுவில் ஒரு சொல்லைத் தொட்டுக் காட்டி, இது என்ன என்று கேட்டோம். விழித்தான். சொல்லை விட்டு எழுத்தைக் கேட்டோம். அலிஃப் தெரிந்தது, லாம் தெரிந்தது. சொல்லின் நடுவில் வந்த ஐனை அவன் ஃபா என்றான். தனியே நிற்கும்போது ஓர் உருவம், முதலில் ஒன்று, நடுவில் ஒன்று, இறுதியில் ஒன்று என்று ஐன் நான்கு வடிவம் எடுக்கும். அவனுக்குத் தெரிந்தது கைதாவின் முதல் பக்கத்தில் உள்ள தனி ஐன் மட்டும். பக்கத்திலிருந்த மூத்த மாணவன் ஓதிக் காட்டுவதையும், வெள்ளி இரவுகளில் அவன் உம்மம்மா ஓதுவதையும் காதால் பிடித்துக்கொண்டே இரண்டு ஆண்டுகளைக் கடத்தியிருக்கிறான்.

காதால் கேட்டு மனனம் செய்வது குறையன்று. குர்ஆன் நெஞ்சிலிருந்து நெஞ்சுக்கு வந்த வேதம். ஆனால் அவன் பார்த்து ஓதுகிறான் என்று அவன் வீடு நம்பியது, நாம் நம்பினோம். இனிப் பெரிய சூராக்கள் வரும்போது காதும் நினைவும் மட்டும் அவனைத் தாங்கா.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டபோது அவன் அழவில்லை. "கைதாவுக்குத் திருப்பி அனுப்பிடாதீங்க, ஹஜரத். சின்னப் புள்ளைங்களோட செருப்புப் பக்கம் உக்காரணும்" என்றான்.

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. குர்ஆனைத் திறம்பட ஓதுபவர் கண்ணியமிக்க வானவர்களுடன் இருப்பார். திக்கித் திணறிச் சிரமப்பட்டு ஓதுபவருக்கு இரண்டு நற்கூலிகள் உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதாக அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. எத்தனையோ முறை நாமே பயானில் சொன்ன ஹதீஸ். அந்த இரண்டு கூலிக்குரியவர்களை நாம் உட்கார வைத்திருந்த இடமோ செருப்பு மாடத்தின் ஓரம். அன்று அவன் ஓதிய சூராவே அளவில் குறைப்பவர்களைப் பற்றியது. நம் ஒன்றரை நிமிடக் கணக்கை அன்றிரவுதான் போட்டுப் பார்த்தோம்.

மறுநாள் அவன் உம்மாவிடம் விவரத்தைச் சொன்னோம். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, அவனுடைய வாப்பாவிடம் நாமே சொல்லிவிடும்படி கேட்டுக்கொண்டார். தொலைபேசியில் அவர் கோபப்படவில்லை. "ரெண்டு வருஷமா உங்ககிட்டதானே ஓதுறான், ஹஜரத்?" என்று மட்டும் கேட்டார். அதற்குச் சொல்ல நம்மிடம் விடை இல்லை.

பிறகு அறையை மாற்றினோம். மேசையை அகற்றினோம். வரிசைகளைக் கலைத்து நான்கு வட்டங்களாக உட்கார வைத்தோம். ஒவ்வொரு வட்டத்திலும் கைதா பிள்ளையும் இருப்பான், குர்ஆன் பிள்ளையும் இருப்பான். பிள்ளைகள் நம்மிடம் எழுந்து வருவதற்குப் பதிலாக, நாம் எழுந்து வட்டம் வட்டமாகப் போய் அமர்கிறோம். (முழங்கால் வலி உள்ள ஆசிரியர்கள் இதை யோசித்துச் செய்யவும்.) வட்டங்கள் வாரந்தோறும் இடம் மாறும்; செருப்பு மாடத்தின் பக்கம் எல்லோருக்கும் ஒரு முறை வரும். முன்பு கைதா பிள்ளைகளைக் கடைசியாகக் கேட்போம். அதற்குள் பாதிப் பேர் சுவரில் சாய்ந்து உறங்கியிருப்பார்கள். இப்போது அவர்களைத்தான் முதலில் கேட்கிறோம்.

எல்லாரையும் எல்லா நாளும் முழுமையாகக் கேட்பதையும் விட்டோம். ஒரு நாளைக்கு இரண்டு வட்டங்கள் நம்மிடம் பாடம் ஒப்பிக்கும். மற்ற இரண்டு வட்டங்களில் பிள்ளைகள் இருவர் இருவராகப் பழைய பாடத்தை ஒருவருக்கொருவர் கேட்டுக்கொள்வார்கள். ஒன்றரை நிமிடம் இப்படி மூன்று நிமிடமாயிற்று.

இவற்றையெல்லாம் விடப் பயன்பட்டது ஒரு துண்டு அட்டை. பழைய கல்யாணப் பத்திரிகையை உள்ளங்கை அளவுக்கு வெட்டி, நடுவில் ஒரு சொல் மட்டும் தெரியும்படி சிறு சன்னல் போல் ஒரு துளை. அதைப் பக்கத்தின் மீது வைத்து எங்காவது ஓரிடத்தில் நிறுத்துவோம். முன்னும் பின்னும் மறைந்திருக்கும். அந்தச் சொல்லை மட்டும் பிள்ளை ஓத வேண்டும். மனனத்தால் அதை ஓத இயலாது. ஒரு பிள்ளைக்கு அரை நிமிடம் போதும். முதல் வாரம் இந்த அட்டையை எல்லாரிடமும் வைத்துப் பார்த்தபோது, அந்தச் சிறுவனைப் போல் இன்னும் ஆறு பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவன் குர்ஆனில் நான்காவது ஜுஸ்வு ஓதிக்கொண்டிருந்தான்.

பிரம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதை நாம் ஓங்கியதை விட மேசையில் வைத்திருந்ததே அதிகம். ஆனாலும் மேசையை அகற்றியபோது அதை வைக்க இடமில்லாமல் போயிற்று. வேறு இடம் தேடவும் இல்லை.

எல்லாம் நலமாக முடிந்துவிட்டது என்று சொல்ல மாட்டோம். அந்த ஏழு பேரையும் மீண்டும் எழுத்துகளுக்குக் கொண்டு வந்தபோது, ஒரு வீட்டார் பிள்ளையை நிறுத்தி வேறு மக்தபில் சேர்த்துவிட்டார்கள். இந்த ஆண்டு குர்ஆன் முடித்தவர்கள் மிகக் குறைவு. ஆண்டு விழாவில் எத்தனை பேர் கத்தம் என்ற கேள்வி எழும். ஜமாஅத் பெரியவர்களுக்கு என்ன சொல்வது என்று நாம் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறோம். தெரு முனை வரை கேட்ட ஓசையும் இப்போது இல்லை. மக்தப் ஏன் அமைதியாக இருக்கிறது என்று மோதினார் ஒரு நாள் மாடியேறி வந்து பார்த்துவிட்டுப் போனார்.

பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளை வீட்டுக்கு வந்ததும் எத்தனாவது பாடம், எத்தனாவது ஜுஸ்வு என்று கேட்கிறீர்கள். அதற்குப் பதிலாக, பழைய பாடத்தில் ஏதேனும் ஒரு வரியை எடுத்துக் கடைசிச் சொல்லிலிருந்து முன்னோக்கிக் கேட்டுப் பாருங்கள். உங்களுக்கு ஓதத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பிள்ளையின் கண் எங்கே போகிறது என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

அந்தச் சிறுவனின் வாப்பா விடுமுறையில் வந்தார். குர்ஆன் தொடக்கமும் இல்லை, சீரணியும் இல்லை. ஒரு நாள் மஃக்ரிபுக்குப் பின் மாடிக்கு வந்து, மகன் இருந்த வட்டத்திற்குச் சற்றுத் தள்ளி அமர்ந்தார். மகன் அட்டையை வைத்து, ஃபலக் சூராவை ஒவ்வொரு சொல்லாக எழுத்துக் கூட்டி ஓதினான். கண்ணை மூடி ஒப்பித்தால் அரை நிமிடம் ஆகாது அவனுக்கு. அன்று பத்து நிமிடம் ஆயிற்று. அவர் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார். எல்லாரும் இறங்கிப் போன பின் நம்மிடம் வந்து, தாழ்ந்த குரலில், "எனக்கும் ஒண்ணு வெட்டித் தாங்க, ஹஜரத். நானும் சின்ன வயசுல காதால ஓதுனவன்தான்" என்றார். ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்து வெட்டிக் கொடுத்தோம். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். இப்போது மீண்டும் சபரில் இருக்கிறார்.

இன்று மாலை மகனுக்கு அல்காரிஆ பாடம். அவனுடைய வட்டம் இந்த வாரம் செருப்பு மாடத்தின் பக்கம். அங்கே மேலே உள்ள மின்விசிறி நெடுநாளாகச் சுற்றுவதில்லை. நாம் போய் அமரத் தொடங்கிய பிறகுதான் அதுவும் தெரிந்தது. ஜமாஅத்தில் சொல்லியிருக்கிறோம்.