மோட்டாரை எங்கே நிறுத்துவது?

வேப்பந்தட்டைக்கு மேற்கே, பச்சைமலை அடிவாரத்தில் ஒரு வெங்காயக் கொல்லை. நான் போய்ச் சேர்ந்தபோது போரிலிருந்து சில பைப்புகள் வெளியே வந்திருந்தன. போர் வாய்க்கு மேல் இரும்பு முக்காலி நின்றது. அதில் தொங்கிய செயின் பிளாக்கின் சங்கிலியை ஒருவர் இழுக்க, இரண்டு பேர் கிளாம்ப் மாட்டிப் பைப் ரிஞ்சால் மரையைக் கழற்றினார்கள். கழற்றும் ஒவ்வொரு முறையும் பைப்புக்குள் நின்ற தண்ணீர் அவர்கள் மேலேயே கொட்டியது. பம்பின் தலையில் இருக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு தண்ணீரைக் கீழே விடாது. அதனால் 10 அடி நீளமுள்ள இரண்டங்குலப் பைப் ஒவ்வொன்றிலும் 6 லிட்டர் தண்ணீர் நிற்கிறது. 50 பைப் என்றால் தண்ணீர் மட்டுமே 300 கிலோ. அதற்கு மேல் மோட்டார், பம்பு, கேபிள் கனம். இத்தனையையும் தூக்குவது ஒரு சங்கிலியும் மூன்று ஆள் கையும்தான்.

மேஸ்திரி சங்கிலியைத் தொடவில்லை. வெளியே வரும் பைப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கட்டத்தில் "நிறுத்துப்பா" என்று சொல்லிவிட்டு வந்து பைப்பைத் தடவினார். அதுவரை சுத்தமாக வந்த பைப்பில் வெள்ளை உப்பு ஏடு படியத் தொடங்கியிருந்தது. எண்ணிப் பார்த்தால் 21ஆவது பைப். பிறகு வந்த பைப்புகளில் ஏடு தடித்துக்கொண்டே போனது. 50ஆவது பைப்புக்குக் கீழே ஏடு இல்லை, வழவழப்பான பாசிதான்.

"மோட்டார் ஓடாதப்ப தண்ணி 210 அடியில நிக்குது. ஓட ஓட 500 வரைக்கும் இறங்கிருக்கு. பைப்பே சொல்லுது பாருங்க சார்" என்றார்.

கொல்லைக்காரர் பக்கத்தில் வந்து நின்றார். அவரிடம் மேஸ்திரி கேட்டது ஒரே கேள்வி: "போர் போடையில ஊத்து எத்தனை அடியில உடைஞ்சுதுண்ணே?" திருச்செங்கோட்டு வண்டிக்காரர்கள் வந்து போட்ட போர் அது. மொத்தம் 650 அடி. 480 அடியில் புகை நின்று தண்ணீர் பீய்ச்சியதாக அவருக்கு நினைவு இருந்தது. எரிந்துபோன மோட்டார் நின்ற ஆழம் 520. இந்த மூன்று எண்களையும் சேர்த்துப் பார்த்தபோதே மோட்டார் எப்படிப் போனது என்று மேஸ்திரிக்குத் தெரிந்துவிட்டது.

நீர்மூழ்கி மோட்டாரில் பம்பு மேலே, மோட்டார் கீழே. தண்ணீர் உள்ளே போகும் சல்லடை இரண்டுக்கும் நடுவில். ஓடும் மோட்டார் சூடாகும். அதைக் குளிர வைப்பது உடம்பை ஒட்டி ஓடும் தண்ணீர்தான். ஊற்று மோட்டாருக்குக் கீழே இருந்தால், வரும் தண்ணீர் மோட்டாரை உரசிக்கொண்டு மேலேறிச் சல்லடைக்குள் போகும். ஊற்று மேலே இருந்தால் தண்ணீர் மேலிருந்து விழுந்து நேராகச் சல்லடைக்குள் போய்விடும். கீழே மோட்டாரைச் சுற்றி நிற்பது அசையாத தண்ணீர். அது கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறி, கடைசியில் காயில் கருகும். தண்ணீருக்குள் முழுகியிருக்கும் மோட்டார் சூட்டில் எரிகிறது என்பதை முதலில் கேட்பவர்கள் நம்ப மாட்டார்கள். இந்த வட்டாரத்தில் காயில் கட்டும் கடைகளுக்கு வரும் மோட்டார்களில் பல இப்படி எரிந்தவைதான் என்பது மேஸ்திரியின் அனுபவம்.

ஊற்றுக்கு மேலே, 470 அடியில் நிறுத்திவிடலாமா? முடியாது, கோடையில் தண்ணீர் 500க்கு இறங்குகிறது. இன்னும் ஆழத்துக்கு, போரின் அடிவரை விடலாமா? அடியில் சேறும் கல்தூளும் கிடக்கும், இம்பெல்லரைத் தின்றுவிடும். ஆகவே அதே 520. ஆனால் புது மோட்டாருக்கு இந்த முறை ஒரு சட்டை போட்டார். சல்லடைக்கு மேலே வாய் அடைத்து, மோட்டாரின் அடிக்குக் கீழே திறந்துவிட்ட ஒரு பைப். மேலிருந்து விழும் தண்ணீர் இப்போது சட்டைக்கு வெளியே கீழே இறங்கி, அடிவழியாக உள்ளே நுழைந்து, மோட்டாரை உரசிக்கொண்டுதான் சல்லடைக்குப் போக முடியும். ஆறரை அங்குலப் போரில் நாலங்குல மோட்டார் என்பதால் சட்டைக்கு இடம் கிடைத்தது. ஆறங்குல மோட்டாராக இருந்தால் இந்த வழியும் அடைபட்டிருக்கும்.

இறக்குவதற்கு முன் மோட்டாரை நிமிர்த்திப் பிடித்து, அதன் திருகைத் திறந்து நல்ல தண்ணீரை உள்ளே ஊற்றினார்கள். இது தண்ணீர் நிரப்பி ஓடும் வகை. ஊற்றி நிறுத்தி, லேசாகத் தட்டி, குமிழி வந்து அடங்கிய பிறகு மறுபடி ஊற்றி, இனிக் குமிழி வராது என்று நிச்சயமான பிறகே திருகை மூடினார்கள். உள்ளே கொஞ்சம் காற்று தங்கினாலும் மேல் புஷ்ஷுக்குத் தண்ணீர் எட்டாமல் தேய்ந்துவிடுமாம். அவசரத்தில் இருந்த கொல்லைக்காரர்கூட அந்த நேரத்தில் எதுவும் சொல்லவில்லை.

பைப் மாற்றும் இடைவெளியில் ஒரு டீ குடிக்கப் போவதாக இருந்தாலும், போர் வாயைக் கனமான இரும்புத் தட்டால் மூடிவிட்டுத்தான் நகர்ந்தார்கள். 2019 அக்டோபரில் மணப்பாறை நடுக்காட்டுப்பட்டியில் சரியாக மூடாத ஆழ்துளைக் கிணற்றில் ஒரு குழந்தையைப் பறிகொடுத்தது இந்தப் பகுதி முழுக்க இன்னும் ஆறாத வலி. அதற்கு முன்பும் தான் மூடித்தான் வைப்பேன் என்று மேஸ்திரி சொன்னார். இப்போது தோட்டத்துக்காரர்களே கேட்டு மூட வைக்கிறார்கள்.

மோட்டார் ஓடியதும் ஸ்டார்ட்டரில் ஆம்ஸ் முள்ளைக் கவனித்தார். தண்ணீர் குறைவாக வந்ததால் இரண்டு ஃபேஸை மாற்றிக் கொடுத்தார். சுற்று நேரானதும் தண்ணீர் பைப் நிறைய வந்தது. பிறகு ஸ்டார்ட்டர் பெட்டிக் கதவின் உள்பக்கம் பெயிண்டால் எழுதினார்: தேதி, போர் 650, ஊற்று 480, மோட்டார் 520, பைப் 52, சட்டை உண்டு. அடுத்து யார் வந்து தூக்கினாலும் அவருக்குத் தெரிய வேண்டுமே என்றார். நான் பார்த்த பெட்டிகள் பலவற்றில் இப்படி எழுத்தே இல்லை. பல்லாயிரம் ரூபாய் செலவழித்துப் போர் போட்டிருக்கும் விவசாயியிடம் அதன் ஊற்று ஆழம் ஒரு வரியாகக்கூடப் பதிவில் இல்லை என்பது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது.

இந்தப் பக்கத்துப் பழைய கிணறுகளை எட்டிப் பார்த்தால், மோட்டார் இடம் மாறிய கதை சுவரிலேயே தெரியும். கவலை இறைத்த காலத்துக் கல்தூண்கள் மேலே. அதற்குக் கீழே பாறையைக் குடைந்து கட்டிய ஒரு மோட்டார் மேடை. இன்னும் கீழே இன்னொரு மேடை. தண்ணீர் இறங்க இறங்க மோட்டாரும் கூடவே இறங்கியிருக்கிறது, வேறு வழி இல்லை. பம்பு தண்ணீரை இழுப்பதாக நாம் பேசுகிறோம். உண்மையில் அது தன் வாயில் ஒரு வெற்றிடத்தை உண்டாக்குகிறது, அவ்வளவுதான். கிணற்றுத் தண்ணீர் மீது அழுத்தும் காற்றுதான் அதைப் பைப் வழியே மேலே தள்ளுகிறது. காற்றால் தள்ள முடிந்த உயரம் ஏறத்தாழ 34 அடி. இத்தாலியில் டோரிசெல்லி 1643இல் பாதரசத்தை வைத்து இதற்குக் காரணம் காட்டினார். அதற்கு முன்பே அங்கே கிணறு இறைத்தவர்களுக்கு அந்த எல்லை தெரிந்திருந்தது. பைப்பின் உரசல், வளைவு, புட்வால்வு எல்லாம் போக, நடைமுறையில் 20, 25 அடிதான் கணக்கு. நம் ஊர் மேடைகளும் அந்த அளவில்தான் இருக்கின்றன.

இந்த 34 அடியும் குளிர்ந்த தண்ணீருக்குத்தான். சுடுதண்ணீரை ஓட்டும்போது நிலைமை என்ன என்பதை அரியலூர் மாவட்டத்தில் பார்த்தேன்.

பெரம்பலூரின் கடும்பாறையைத் தாண்டிக் கிழக்கே வந்தால் மண்ணே வேறு. ஒரு காலத்தில் கடலாக இருந்து சுண்ணாம்புக்கல்லாகப் படிந்த நிலம். சிமென்ட் ஆலைகள் இங்கே வந்ததற்கு அதுதான் காரணம். திருமானூர்ப் பக்கம், கொள்ளிடக்கரையில், நெல் வயல்கள். அங்கே புழுங்கலரிசி போடும் ஒரு ஆலைக்குப் போனேன். உமியை எரித்து ஓடும் பாய்லர், வரிசையாக ஊறல் தொட்டிகள், வெளியே நெல் காயும் களம். பழைய முறையில் நெல்லைப் பச்சைத் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறவைத்ததால் வாடை அடிக்கும். மைசூரின் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் கொண்டுவந்த சுடுதண்ணீர் முறையில், 85 டிகிரித் தண்ணீரில் நெல்லைக் கொட்டினால் சூடு 70க்கு வந்து நிற்கும். மூன்று, மூன்றரை மணி நேரத்தில் ஊறிவிடும். தொட்டி முழுக்க ஒரே சூடு இருக்க, தண்ணீரை ஒரு பம்பு சுற்றிச் சுற்றி ஓட்ட வேண்டும்.

அந்தப் பம்பைத் தரையில் ஓடும் ஈரத்துக்குத் தப்ப வைக்க வேண்டும் என்று, ஆலையை அமைத்தவர்கள் தொட்டியின் விளிம்புக்கும் மேலே ஒரு மேடை கட்டி ஏற்றியிருந்தார்கள். ஓட்டினால் ஜல்லியை அள்ளிக் கொட்டுவது போலச் சத்தம். ஒரு பருவத்துக்குள் இம்பெல்லர் அரித்துப் போனது. புதிது மாட்டினார்கள், அதுவும் போனது. கழற்றி வைத்திருந்த ஒன்றைப் பாய்லர்காரர் என் கையில் கொடுத்தார். வெண்கல இதழ்களில், வாயை ஒட்டிய பக்கத்தில் மட்டும், ஊசியால் குத்தியதுபோல் குழிகள். விளிம்பு சில்லுச் சில்லாக உதிர்ந்திருந்தது.

தண்ணீர் சூடாக ஆக, ஆவியாகிவிடத் துடிக்கும். 85 டிகிரியில் அந்த ஆவியின் அழுத்தம், காற்று தள்ளித் தரும் 34 அடியில் 20 அடியைத் தின்றுவிடுகிறது. மீதி 14 அடி. உரசலும் பம்பின் சொந்தத் தேவையும் போனால் மேலே தூக்குவதற்கு ஒன்றும் மிஞ்சாது. பம்பின் வாயில் தண்ணீர் குமிழியாக உடைகிறது. இதழில் அழுத்தம் ஏறியதும் அந்தக் குமிழிகள் நசுங்கி உலோகத்தைக் கொத்துகின்றன. ஜல்லிச் சத்தம் அதுதான்.

குளிர் நாடுகளில் வீட்டைச் சூடாக்கச் சுடுதண்ணீரைச் சுற்றவிடும் பம்புகளிலும் இதே பாடம்தான் வேறு உருவில் இருக்கிறது. அங்கே மூடிய சுற்று. சூட்டில் விரியும் தண்ணீருக்கு இடம் கொடுக்க ஒரு விரிவுத் தொட்டி. அந்தத் தொட்டி சேரும் இடத்தில் பம்பு ஓடினாலும் நின்றாலும் அழுத்தம் மாறாது. 1960களில் அமெரிக்காவின் பெல் அண்ட் காசெட் நிறுவனத்துப் பொறியாளர் கில் கார்ல்சன் இதை விளக்கி எழுதினார். பம்பு தொட்டியை நோக்கித் தள்ளினால், அது தரும் அழுத்தம் முழுவதும் அதன் வாய்ப்பக்கத்தில் குறைவாகத்தான் காட்டும். மேல்மாடிக் குழாய்களுக்குள் காற்று புகுந்துவிடும். தொட்டியைப் பம்பின் வாய்ப்பக்கம் வைத்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. வெங்காயக் கொல்லை மேஸ்திரியிடம் இதைச் சொன்னால் இரண்டு நிமிடத்தில் பிடித்துக்கொள்வார். பம்பின் வாய்க்குத் தண்ணீர் தானாக, தாராளமாக வந்து சேர வேண்டும், மற்றதெல்லாம் பிறகு. அவர் தொழில் முழுவதும் அதில்தானே நிற்கிறது.

அரியலூர் ஆலையில் பம்பைக் கீழே இறக்கச் சொன்னவர் அந்தப் பாய்லர்காரர்தான். முதல் இம்பெல்லர் போனபோதே சொன்னாராம். அதைக் காதில் வாங்க இரண்டாவதும் போக வேண்டியிருந்தது. இப்போது பம்பு தொட்டியின் அடியோடு ஒட்டித் தரையில், ஒரு சிமென்ட் திட்டின் மேல் இருக்கிறது. உறிஞ்சும் பக்கம் பெரிய பைப், வளைவே இல்லை. தண்ணீர் அளவைக் கட்டுப்படுத்தும் வால்வு வெளியேறும் பக்கத்தில். சத்தம் அடங்கிவிட்டது.

ஆலையில் இன்னொரு ஊறல் தொட்டி கட்ட அளவெடுத்துக்கொண்டிருந்தார்கள். "நீங்களே காட்டுங்கண்ணே" என்று முதலாளியின் மகன் அவரிடம் சாக்பீஸை நீட்டினார். பாய்லர்காரர் தொட்டி வரப்போகும் சுவரை ஒட்டிக் குனிந்து ஒரு சதுரம் போட்டார். பிறகு சுவருக்கும் சதுரத்துக்கும் நடுவில் தானே குந்தி உட்கார்ந்து பார்த்துவிட்டு, கோட்டை அழித்து ஓர் அடி தள்ளிப் போட்டார். "கழட்டணும்னா ஆள் உக்காந்து ஸ்பேனர் பிடிக்க எடம் வேணும்ல?"