1914 என்று எழுதி வைத்திருந்தோம்

ஏப்ரல் 14-க்கு எங்கள் காலனியில் ஒரு சின்னக் கண்காட்சி வைத்தோம். தெருவின் பேண்டு பார்ட்டியில் வாசித்த தாத்தாவின் சாக்ஸபோனை அப்பாயி கட்டிலுக்கடியிலிருந்து எடுத்துத் தந்தார். பழைய சேலையில் சுற்றியிருந்தது. உடம்பில் '1914 டிசம்பர் 8' என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்ததைப் பார்த்ததும் எங்களுக்குக் கை கால் ஓடவில்லை. '1914-ஆம் ஆண்டு சாக்ஸபோன்' என்று அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதிவிட்டோம்.

முந்தைய வாரம்தான் ஒரு பழைய பொருள் வியாபாரி வந்து, "இது மீரட் டூப்ளிகேட் தம்பி, நாலாயிரம் தரேன்" என்று சொல்லிப் போயிருந்தார். கோபம் வந்தது. ஆனால் கோபம் ஆதாரம் ஆகாதே. உட்கார்ந்து படித்தோம்.

புனல் போன்ற வாய்ப்பகுதியில் 'சி.ஜி. கான், எல்கார்ட்' என்று இருந்தது. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்துக் கம்பெனி. அந்தப் பெயரை மட்டும் நம்பக்கூடாது. அந்தக் காலத்தில் பெரிய தொழிற்சாலைகள் கடைக்காரர்களின் பெயரைப் பொறித்தும் விற்றிருக்கின்றன. செய்தவர் ஒருவர், பெயர் இன்னொருவருக்கு. (இது நமக்குப் புதிய கதையா என்ன?) பார்க்க வேண்டியது, வலது கட்டைவிரல் தாங்கும் கொக்கிக்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணை. எங்களுடையதில் மேலே 'ஏ', அதாவது ஆல்டோ. நடுவில் 'எம்' என்று தொடங்கும் ஆறு இலக்க எண். கீழே 'எல்': தாழ்ந்த சுருதி, இன்றைய 440. 'எச்' என்றிருந்தால் சுருதி 457-க்குப் பக்கத்தில் நிற்கும், மற்ற வாத்தியங்களோடு சேராது. மலிவாகக் கிடைக்கிறதென்று அதை வாங்கி ஏமாறாதீர்கள்.

அப்படியானால் 1914? அது பிறந்த ஆண்டே இல்லை. துளைகளின் குழாயைத் தனியாகப் பற்றவைக்காமல் உடம்புத் தகட்டிலிருந்தே இழுத்து எடுக்கும் முறைக்கு, ஹெய்ன்ஸ் என்ற புல்லாங்குழல் தயாரிப்பாளர் வாங்கிய காப்புரிமையின் தேதி அது. பிறகு பல ஆண்டுகள் அதே வரியைப் பொறித்துக்கொண்டே இருந்தார்கள். 1914-க்கு முந்தையது அல்ல என்பதைத் தவிர அது ஒன்றும் சொல்லாது. துளை விளிம்புகள் உருட்டி மடித்திருந்தன. கழுத்தில் சுருதி கூட்டக் குறைக்க ஒரு திருகு இருந்தது. எண்ணையும் பட்டியலோடு ஒப்பிட்டபோது 1920-களின் நடுப்பகுதி என்று வந்தது.

"பத்து வருசம்தானே, விடுங்க தோழர். ஊர்க்காரன் கோயிலுக்கு ஆயிரம் வருசம்னு போர்டு வைக்கிறான், யார் கேட்டா?" என்றார் எங்களில் ஒருவர். ஒரு மணி நேரம் சண்டை. பக்கத்தில் தாத்தாவின் கூலி நோட்டை வைத்திருந்தோம். எந்தக் கல்யாணத்தில் பந்தலுக்கு வெளியே நிற்க வைத்தார்கள், எங்கே தனியாகச் சோறு போட்டார்கள் என்றெல்லாம் தேதியோடு எழுதியிருக்கிறார். அட்டையில் ஒரு பொய் பிடிபட்டால் நோட்டையும் பொய் என்பார்கள். அட்டையைக் கிழித்தோம்.

பாலிஷ் போட்டுப் புதுசாக்கித் தருகிறேன் என்று ஒரு கடைக்காரர் சொன்னார். வேண்டாம் என்றோம். தேய்த்தால் தகடு மெலியும், பொறிப்பு அழியும். அதோடு, பேட் கிழிந்த இடத்தில் தாத்தா சைக்கிள் டியூப் வெட்டி ஒட்டியதும் போய்விடும். உங்கள் வீட்டில் இப்படி ஒன்று இருந்தால் துணியால் தூசி மட்டும் துடையுங்கள். எண்ணைப் போட்டோ எடுத்து வையுங்கள்.

புது அட்டை: 'எல்கார்ட், 1920-களின் நடுப்பகுதி. பொன்மலை ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் டான்ஸுக்கு வாசித்த ஒருவரிடம் வாங்கியது, 1950-கள், குடும்பத்தார் சொன்னது.'

அப்பாயியிடம் படித்துக் காட்டினோம். "அவரு வாசிக்கிறத நிறுத்துன தேதிய ஏன் போடல?" என்று கேட்டார். "செருப்பக் கழட்டிட்டு வாசிடான்னான் ஒருத்தன். கழட்டல. வாத்தியத்தத் தூக்கிட்டு வந்துட்டாரு. பங்குனி மாசம்."

நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினோம். 1983, பங்குனி 12. எதிரே 'கூலி வாங்கவில்லை' என்றிருந்தது. அது யாரோ வைத்த பாக்கி என்றுதான் அதுவரை நினைத்திருந்தோம். அந்தத் தேதியையும் அட்டையில் சேர்த்தோம்.