சோளம் கிடக்கு, ஜாக்கிரதை!

மாசி மாதம் பைக் ஓட்டுகிறவர்களுக்காகவே படைக்கப்பட்டது என்று நம்பியவன் நான். பனி விலகியிருக்கும். அக்னி நட்சத்திரத்துக்கு இன்னும் நாள் இருக்கும். மழை பேச்சுக்கே இடமில்லை. கரிசல் காட்டு ரோடு ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நீளும். ஆக்ஸிலேட்டரை முறுக்க வேறென்ன வேண்டும்?

அந்த நம்பிக்கை போன மாசியில், ஆமத்தூர் பக்கம் ஒரு கிராமத்து ரோட்டில் என்னோடு சேர்ந்து குப்புற விழுந்தது.

தங்கச்சிக்குப் பங்குனியில் கல்யாணம். பத்திரிகை அடிக்கச் சிவகாசியில் கொடுத்திருந்தோம். மதுரையில் எத்தனை பிரஸ் இருந்தாலும், "சிவகாசியிலே அடிச்சது" என்று சொல்லிக்கொள்வதில் அப்பாவுக்கு ஒரு பெருமை. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டுமே என்று அச்சகம் வந்தது. தீக்குச்சி மருந்துக்குப் பங்காளியாகப் பட்டாசும் வந்தது. வானம் பார்த்த பூமி, காலண்டரும் மத்தாப்பும் விளைகிற பூமியானது இப்படித்தான்.

ஆபீசுக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினேன். திருமங்கலம், கள்ளிக்குடி, விருதுநகர்... போகிற வழியில் ஒரு தொல்லையும் இல்லை. ஐந்நூறு பத்திரிகைகளைப் பின்சீட்டில் கட்டிக்கொண்டு திரும்பும்போதுதான் புத்தி வேலை செய்தது. மெயின் ரோட்டில் லாரி ஜாஸ்தி. திருத்தங்கல் தாண்டியதும் கிராமத்து ரோட்டில் இறங்கினால் அக்கடா என்று போகலாமே!

இறங்கினேன். ஈ காக்கை இல்லை. அறுபதில் பறந்தேன். ஒரு வளைவு. திரும்பினால், ரோட்டில் பாதிக்கு மஞ்சள் ஜமக்காளம் விரித்த மாதிரி மக்காச்சோளம் காய்கிறது!

பிரேக்கைப் பிடித்தேன். பிடிக்கவே கூடாத நேரத்தில், பிடிக்கவே கூடாத இடத்தில். சோள மணி ஒவ்வொன்றும் ஒரு பால்ரஸ். சக்கரம் நின்றுவிட்டது, வண்டி நிற்கவில்லை. நான் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம், தங்கச்சி கல்யாணம் ரோடெல்லாம்.

கருவேல மரத்தடியில் உட்கார்ந்திருந்த பாட்டி ஓடி வந்தார். சோளம் போச்சே என்று திட்டப் போகிறார் என்று பார்த்தால், "ஏ ராசா, எந்திரிய்யா... கை கால அசைச்சுப் பாரு" என்றார். கூடவே ஒரு பெரியவர் தண்ணீர்ச் செம்போடு வந்தார்.

"ரோட்டுல காயப் போடலாமா பாட்டி?" என்றேன், முனகலுக்கு நடுவே.

"களம் எங்கய்யா இருக்கு? தார் ரோடுன்னா ரெண்டு வெயில்ல காஞ்சிரும். ஈரத்தோட கொண்டுபோனா யாவாரி பாதி வெலைக்குக் கேக்கான்."

பதில் சொல்லத் தெரியவில்லை. என் பத்திரிகை மாதிரியே அவருக்கு அந்தச் சோளம். ஒரு வருஷத்து வரவு.

பெரியவர் பட்டாசு ஆலையில் நாற்பது வருஷம் வேலை பார்த்தவராம். என் முழங்கையைக் கழுவிவிட்டபடியே சொன்னார்: "தம்பி, எங்க ஆலையில படிச்சுப் படிச்சுச் சொல்லுவாக. மருந்தை இழுக்காதே, உரசாதே, கீழே போடாதே. அங்க உரசுனா ஆபத்து. ஒங்க டயரு ரோட்டை உரசலேன்னா ஆபத்து. ரெண்டு எடத்துலயும் எமன் ஒருத்தந்தான். அவசரம்!"

இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். பத்து விரலும் இருந்தன. 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டி ஆலை வெடி விபத்தில் முப்பது பேருக்கு மேல் மாண்ட வட்டாரம் இது. பத்து விரலோடு ரிட்டயர் ஆவது இங்கே சாதாரண விஷயமில்லை. சட்டென்று வலி மறந்து போயிற்று.

பிறகு அவர் நடத்திய பாடத்தை, பீஸ் வாங்காமல் உங்களுக்கும் தருகிறேன்.

தை பிறந்ததிலிருந்து பங்குனி வரை கரிசல் பக்கம் அறுவடை. சோளமோ, உளுந்தோ, மல்லியோ, ரோட்டில் எதையும் எதிர்பார்க்கலாம். அறுபது கிலோ மீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் போகிறீர்கள். 'அடடா, சோளம்' என்று மனசு சொல்லி முடிப்பதற்குள் சோளத்தின் மேலேயே இருப்பீர்கள். ஆகவே வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். பிரேக் எல்லாம் தானியத்துக்கு முன்னால்தான். மேலே ஏறிவிட்டால் ஹேண்டிலை நேராக வைத்து, ஆக்ஸிலேட்டரைத் தளர்த்தி, தேர் மாதிரி உருண்டு வெளியே வாருங்கள். திருப்பாதீர்கள். முன் பிரேக்கைத் தொடவே தொடாதீர்கள்.

தட்டையும் வைக்கோலும் கிடந்தால் சுற்றிப் போங்கள். செயினில் சிக்கும், சூடான சைலன்ஸரில் பட்டால் பற்றிக்கொள்ளவும் கூடும். இருட்டிய பிறகு கிராமத்து ரோடே வேண்டாம். தானியத்தைக் குவித்துத் தார்ப்பாய் போர்த்தி, சுற்றிலும் கல் வைத்திருப்பார்கள். கல்லுக்கு ஹெட்லைட் கிடையாது! சாயங்காலம் ஆலை விட்டதும் பஸ்ஸும் வேனும் வரிசை கட்டும். அவர்களுக்கு வழி விடுங்கள். நாள் முழுக்க நிதானமாக இருந்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர்கள்.

கடைசியாக, ஹெல்மெட். 2015 ஜூலை 1 முதல் கட்டாயம் என்று ஹைகோர்ட்டே சொல்லியும் அதை முழங்கையில் மாட்டிப் போகிற நண்பர்களே! அன்று எனக்குத் தோல் போனது முழங்கையில். அது பத்து நாளில் வளர்ந்துவிட்டது. தலை அப்படி வளராது.

பாட்டியும் பெரியவரும் நானுமாகப் பத்திரிகைகளைப் பொறுக்கி அடுக்கினோம். "கல்யாண வீட்டுக்குப் பத்திரிகை போகணுமே தவிர, பத்திரிகையில நீங்க போகக் கூடாது தம்பி" என்றார் பெரியவர். முதல் பத்திரிகையை அவரிடமும் பாட்டியிடமும்தான் கொடுத்தேன். அதன்பின் மதுரை வரை நாற்பதைத் தாண்டவில்லை. விருதுநகர் எண்ணெய் பரோட்டா வாசனைக்கு மட்டும் ஒரு முறை நின்றேன்.

மறுவாரம் மாமா வீட்டில் பத்திரிகை வைத்தோம். கவரைப் பிரித்ததும் மடியில் ஒரு சோள மணி விழுந்தது.

"என்னடா இது, அட்சதைக்குப் பதிலா?"

"இல்லே மாமா" என்றேன், முழங்கையைத் தடவிக்கொண்டே. "ஆமத்தூர் ரோடு முதல் ஆளா வச்ச மொய்!"