முதுகில் வீடு, வாலில் படகு

கோலா கெத்திலுக்கு நீங்கள் வந்திருக்கிறீர்களா? வராவிட்டாலும், பாலிங்குக்கோ கிரீக்கிற்கோ போகும்போது கட்டாயம் கடந்து போயிருப்பீர்கள். சுங்கைப்பட்டாணியிலிருந்து கிழக்கே செல்லும் 67-ஆம் எண் சாலையில், ரப்பரும் செம்பனையும் மாறி மாறி வர, நடுவே ஒரு சிறு பட்டணம். கெத்தில் ஆறு வந்து மூடா ஆற்றில் கலக்கும் இடம் இது. மலாய் மொழியில் கோலா என்றால் ஆற்று வாய் அல்லவா? ஊரின் பெயரே அதன் கதையைச் சொல்லிவிடுகிறது.

இந்த ஊரில்தான் என் அக்காவும் அத்தானும் இருக்கிறார்கள். அம்மாவும் அவர்களோடுதான். அத்தான் பக்கத்துத் தோட்டத்தில் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். மீன் பிடிப்பதில் தீராத ஆசை. சேமிப்புப் பணத்தில் பழைய பிக்கப் வண்டி ஒன்றை வாங்கினார். பிறகு ஒரு நாள் எனக்குத் தொலைபேசியில் சொன்னார்: "தம்பி, வண்டியின் முதுகில் ஒரு வீட்டைக் கட்டி, வாலில் ஒரு படகைக் கட்டி, அத்தையைத் தெமெங்கோர் ஏரிக்குக் கூட்டிப்போகப் போகிறேன். நீயும் வா."

நாற்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர் எங்கள் அம்மா. தண்ணீர்க் கரையில் ஓர் இரவு தூங்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. தங்கும் விடுதியில் அறை எடுக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். விடுதியில் தூங்குவது ஆசையில்லையாம்; தண்ணீர்ச் சத்தம் காதில் விழ வேண்டுமாம்!

இப்படி வண்டியின் மேல் வீட்டை வைத்துக்கொண்டு ஊர் சுற்றுவது உலகத்துக்குப் புதிதல்ல. 1960-இல் அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக் ஒரு பிக்கப் வண்டியின் மேல் சிறு அறை ஒன்றைப் பொருத்தி, சார்லி என்ற நாயைத் துணைக்கு வைத்துக்கொண்டு, தம் நாட்டைச் சுற்றி வந்தார். டான் குயிக்ஸாட்டின் குதிரையின் பெயரான ரோசினாண்டே என்பதை வண்டிக்குச் சூட்டினார். அந்த வண்டி கலிபோர்னியாவிலுள்ள சாலினாஸ் நகரில் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் நம் ஊரில் ஓடும் நான்கு கதவு பிக்கப்பின் பின்தட்டு ஐந்தடி நீளம்தான். அதில் ஒரு குடும்பம் எப்படிப் படுப்பது?

அத்தான் விடவில்லை. இரும்புச் சட்டம் அடித்து, கனமான பலகை போட்டு ஓர் அறை எழுப்பினார். ஓட்டுநர் கூரைக்கு மேலே ஒரு பரண் நீட்டி அதில் இருவர் படுக்க வழி செய்தார். கீழே குறுக்காக ஒரு பலகை. "அது யாருக்கு?" என்றேன். "அத்தைக்கு. அவர் நாலே முக்கால் அடிதானே, குறுக்கே படுத்தாலும் கால் நீட்டலாம்!" என்றார். அளவெடுத்தபோது எல்லாரும் சிரித்தோம். அம்மாதான் அதிகம் சிரித்தார்.

பிறகு பதினான்கடிப் படகு ஒன்று வந்தது. அதற்கு ஒரு டிரெய்லர். எல்லாவற்றையும் ஏற்றிக் கட்டி, ஒரு ஞாயிற்றுக்கிழமை சுங்கைப்பட்டாணிப் பக்கம் வெள்ளோட்டம் விட்டோம்.

வாசகர்களே, அன்று நான் கற்றுக்கொண்டதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். வண்டியின் பின்பக்கம் தாழ்ந்து, மூக்கு மேலே தூக்கிக்கொண்டது. ஸ்டியரிங் கையில் பஞ்சு போல லேசாக இருந்தது. எண்பதைத் தாண்டியதும் பின்னால் படகு இடமும் வலமும் ஆடத் தொடங்கியது. முதலில் நாய் வால் ஆட்டுவது போல. பிறகு வாலே நாயை ஆட்டுவது போல! எதிரே லோரி வருகிறது. பிரேக்கை மிதியுங்கள் என்று நான் கத்தினேன். அத்தான் மிதிக்கவில்லை. எண்ணெயிலிருந்து காலை மெல்ல எடுத்தார், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தார், அவ்வளவுதான். ஆட்டம் மெல்ல அடங்கியது. ஓரமாக நிறுத்திவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "மிதித்திருந்தால் படகு நம்மை முந்தப் பார்த்து வண்டியையும் திருப்பிவிட்டிருக்கும்" என்றார்.

அடுத்த நாள் அவர் போன இடம் பட்டறை அல்ல. செம்பனை ஆலையின் எடை மேடை! குலை ஏற்றிய லோரிகளை நிறுக்கும் அந்த மேடையில், தெரிந்தவர் ஒருவரிடம் கேட்டு, வண்டியை நிறுத்தினோம். உங்களுக்கு உதவும் என்பதால் எங்கள் கணக்கை அப்படியே தருகிறேன். வண்டிக்கு அனுமதித்த மொத்த எடையிலிருந்து வெறும் வண்டியின் எடையைக் கழித்தோம். 850 கிலோ மிஞ்சியது. ஆட்கள், அறை, சாமான் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். நாங்கள் நால்வர் 260 கிலோ. அறை 380. தண்ணீர் 100 லிட்டர் என்றால் 100 கிலோ. அடுப்பு, வாயுத் தோம்பு, படுக்கை, சமையல் சாமான் 120. பனிப்பெட்டியும் கருவிகளும் 60. கொக்கியின் மேல் டிரெய்லர் அழுத்தும் எடை 45. கூட்டிப் பாருங்கள்: 965 கிலோ. இடம் இருக்கிறது, இடம் இருக்கிறது என்று ஏற்றிக்கொண்டே போனோம். வண்டி தாங்குவது இடத்தையா? எடையை அல்லவா!

படகின் ஆட்டத்துக்குக் காரணம் வேறு. டிரெய்லரும் படகும் சேர்ந்து 450 கிலோ. அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு, அதாவது 45 கிலோ, கொக்கியின் மேல் அழுத்த வேண்டும். அது குறைந்தால் டிரெய்லர் ஆடும். மிகவும் கூடினால் வண்டியின் பின்பக்கத்தை அமுக்கி முன் சக்கரத்தின் பிடியைக் குறைக்கும். எங்கள் கணக்கில் 45 என்று எழுதினோமே தவிர, அன்று கொக்கியில் பாதிகூட இல்லை. இயந்திரம் படகின் பின்னால் தொங்குகிறது. பெட்ரோல் தோம்பையும் நங்கூரத்தையும் நாங்கள் அங்கேயே போட்டிருந்தோம். அவற்றை முன்னே நகர்த்தியதும் பாதி நோய் தீர்ந்தது.

மீதி நோய்க்கு மருந்து, விட்டுவிடுவதுதான். கனமான பலகையைக் கழற்றி மெல்லிய ஒட்டுப்பலகை அடித்தார் அத்தான். அறை 270 கிலோவுக்கு இறங்கியது. தண்ணீர் 40 லிட்டர் போதும், வழியில் பிடித்துக்கொள்ளலாம். அக்காவின் ஆட்டுக்கல்லும் பெரிய அண்டாவும் வீட்டிலேயே தங்கின. அதற்கு ஒரு நாள் பேச்சுவார்த்தை நடந்தது! சாமான் 70, பனிப்பெட்டியும் கருவிகளும் 45. இப்போது கூட்டினால் 730. பின் வில்லில் ஒரு பட்டை கூடச் சேர்த்தார்கள். ஆனால் ஒன்றை மறந்துவிடாதீர்கள்: வில்லை முறுக்கினால் வண்டி நிமிர்ந்து நிற்குமே தவிர, அனுமதித்த எடை ஒரு கிலோகூட உயராது. அச்சும் பிரேக்கும் டயரும் பழையவைதாமே!

உங்களில் யாராவது இப்படிச் செய்ய நினைத்தால் இன்னும் சில செய்திகள். வண்டியின் அமைப்பை மாற்றுமுன் சாலைப் போக்குவரத்து இலாகாவை, அதுதான் ஜே.பி.ஜே.யை, கேட்டு அனுமதி பெறுங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் சொல்லுங்கள். அறையைக் கயிற்றால் கட்டாதீர்கள். திருகாணி போட்டு இறுக்குங்கள். பாரமானவை கீழேயும் பின் சக்கரத்துக்கு முன்னேயும் இருக்கட்டும். பிரேக் இல்லாத டிரெய்லருக்கு 750 கிலோதான் எல்லை என்று பல தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். உங்கள் வண்டியின் புத்தகத்தைப் பாருங்கள். கொக்கிக்கு அடியில் காவல் சங்கிலிகளைக் குறுக்காக மாட்டுங்கள். மூடிய அறைக்குள் அடுப்பு எரித்துக்கொண்டு தூங்காதீர்கள். மணமில்லாத நச்சுப் புகை ஆளைக் கொன்றுவிடும்.

புறப்படும் நாள் வந்தது. அம்மா தலையணையோடு பின் அறையில் ஏறப் போனார். அத்தான் தடுத்தார்.

"வண்டி ஓடும்போது அங்கே யாரும் இருக்கக் கூடாது அத்தை."

"ஏன் மாப்பிள்ளை? தைப்பூசத்துக்குத் தோட்டத்து லோரியில நாப்பது பேர் நின்னுக்கிட்டே சுங்கைப்பட்டாணி போகலையா? நான் ஒருத்தி படுத்துக்கிட்டு வந்தா என்னவாம்?"

அத்தான் சற்று நேரம் பேசவில்லை. "அந்த லோரியை ஓட்டினவன் நான்தானே அத்தை. ஒவ்வொரு வளைவிலும் உங்க எல்லாரோட உயிரும் என் கையில இருந்துச்சு. வீடு வந்து சேர்ந்தப்புறம்தான் மூச்சு விடுவேன். அன்னைக்கு நமக்கு வேற வழி இல்லே. இன்னைக்கு இருக்கு" என்றார்.

அம்மா மறுபேச்சுப் பேசாமல் முன்னே வந்து உட்கார்ந்து வாரைப் போட்டுக்கொண்டார்.

கூப்பாங் கடந்து பாலிங்கில் பசியாறினோம். சுண்ணாம்பு மலை நிழலில் இருக்கும் அந்த ஊரில்தான் 1955 டிசம்பர் 28, 29-ஆம் நாள்களில் துங்கு அப்துல் ரஹ்மானும் சின் பெங்கும் பேச்சு நடத்தினார்கள். பிறகு மேடும் பள்ளமுமாகப் பெங்காலான் ஹுலு. 1985-க்கு முன் அதன் பெயர் குரோ. அங்கிருந்து கிரீக். இறக்கங்களில் அத்தான் பிரேக்கையே நம்பவில்லை. கியரைக் குறைத்துக்கொண்டே இறங்கினார். படகு பின்னால் பசுவின் கன்று போல அமைதியாக வந்தது.

கிரீக்கைத் தாண்டினால் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை. 1970-இல் தொடங்கி 1982-இல் திறக்கப்பட்ட காட்டுச் சாலை. யானைகள் குறுக்கே வரும். 2025 ஜூன் 9-ஆம் நாள் பின்னிரவில் இந்தச் சாலையில் பேருந்து கவிழ்ந்து 15 பல்கலைக்கழக மாணவர்கள் உயிரிழந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். ஆகவே பகலிலேயே போய்ச் சேருங்கள்.

பண்டிங் தீவில் சாலை ஏரியைக் கடக்கிறது. 1970-களில் பேராக் ஆற்றை மறித்து அணை கட்டியபோது உண்டான ஏரி இது. வடக்கே ராயல் பெலும் பூங்கா. அதற்குள் போக அனுமதிச் சீட்டு வேண்டும். நாங்கள் அதற்குள் போகவில்லை. இறங்கு தளத்தில் சக்கரம் ஆறும்வரை காத்திருந்தோம்; சூடான சக்கரத்தைத் தண்ணீரில் விட்டால் உள்ளே நீர் புகுந்து மசகு கெட்டுவிடும். டிரெய்லர் விளக்கின் கம்பியைக் கழற்றி, படகின் அடைப்பானைப் போட்டோமா என்று பார்த்துவிட்டு, பின்னால் மெல்ல இறக்கினார் அத்தான். காப்பு உடை மாட்டிக்கொண்டு அம்மா முதல் ஆளாக ஏறினார். பட்ட மரங்கள் தண்ணீருக்கு மேலே தலை நீட்டி நின்றன. "இதுக்கு அடியில காடா?" என்று கேட்டுவிட்டு, கையை நீரில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் வந்தார். அத்தானுக்கு அன்று ஒரு மீனும் சிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இரவு அம்மா குறுக்குப் பலகையில் கால் நீட்டிப் படுத்தார். விடியற்காலை நாலரைக்குக் கண் விழித்தேன். வெளியே அடுப்பு எரிந்தது. மரம் வெட்டப் போகும் நேரத்துக்கே எழுந்து பழகியவர், எல்லாருக்கும் தேநீர் கலந்து வைத்துவிட்டு, இருட்டில் ஏரியைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"தூங்கவில்லையா அம்மா?"

"தூங்கினேன். சத்தம் நல்லா கேட்டுச்சு" என்றார்.

வாசகர்களே, நீங்களும் புறப்படுங்கள். ஆனால் முதலில் எடை மேடைக்குப் போங்கள். எதை ஏற்றலாம் என்று பார்ப்பதைவிட எதை விட்டுவிடலாம் என்று பாருங்கள். ஆட்டுக்கல் இல்லாவிட்டாலும் சோறு வேகும். போனவர்கள் எல்லாரும் வீடு திரும்ப வேண்டும், அதுதான் முக்கியம்.