சோதனையில் சிக்காத புகை

ஓசூர் சிப்காட்டை ஒட்டிய சாலைகளில் தொழிற்சாலைகளுக்கு இணையாகப் பட்டறைகளும் வளர்ந்திருக்கின்றன. உள்ளே புது என்ஜின்கள் உருவாகின்றன; வெளியே, ஓடிக் களைத்தவற்றுக்கு வைத்தியம் நடக்கிறது. நான் போன பட்டறையில் ஒரு டீசல் கார் பானெட் திறந்து நின்றது. தினமும் அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டி, பெங்களூரு நெரிசலில் ஊர்ந்து திரும்பும் வண்டி.

“மேட்டுல இழுக்கவே மாட்டேங்குதுண்ணா. நிறுத்துனா திணறுது, மிதிச்சா கரும்புகை.”

“சிட்டி ஓட்டம்தானே? இ.ஜி.ஆர். பார்த்துடலாம்” என்றார் மெக்கானிக்.

என்ஜினுக்குள் சூடு மிஞ்சும்போது காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் கூடி நைட்ரஜன் ஆக்சைடுகள் உண்டாகின்றன. மூச்சுக்குழலுக்கு ஆகாத வாயுக்கள் அவை. அந்தச் சூட்டைத் தணிக்க, வெளியேறும் புகையில் ஒரு பங்கைத் திரும்ப உள்ளே விடுகிறார்கள். எரிந்து முடிந்த வாயு மறுபடி எரியாது. ஆக்சிஜனுக்குரிய இடத்தைப் பிடித்துக்கொண்டு வெப்பத்தையும் வாங்கிக்கொள்ளும். எப்போது, எவ்வளவு என்று அளந்து விடுவது இ.ஜி.ஆர். வால்வின் வேலை. ஆனால் புகையோடு கரியும் வரும். என்ஜின் ஆயில் ஆவி அதில் கலந்தால் பிசுபிசுவென ஒட்டிக்கொள்ளும். மெதுவாக ஊரும் வண்டியில் இது சீக்கிரமே படியும். வால்வு முழுசாக மூடாமல் நின்றுவிட்டால், மிதிக்கும்போது காற்றுக்குப் பதில் புகை நுழைகிறது, இழுவை போய்விடுகிறது. மூடியபடியே சிக்கிக்கொண்டால் ஓட்டுநருக்கு அவ்வளவாகத் தெரியாது; நச்சு வாயு மட்டும் கூடும்.

மெக்கானிக் ஸ்கேனரை மாட்டினார். பி0401 என்ற பிழைக் குறியீடு (கோடு) வந்தால் புகை போதுமான அளவு திரும்பவில்லை. பி0402 என்றால் அளவுக்கு மீறித் திரும்புகிறது. இந்த வண்டியில் வந்தது பி0402. “கோடு தெருவைத்தான் காட்டும் சார், வீட்டைக் காட்டாது” என்றார். சென்சார் கெட்டாலும் ஒயர் அறுந்தாலும் தப்பான கோடு வரலாம். அதனால் ஸ்கேனர் வழியாகவே வால்வைத் திறக்கவும் மூடவும் சொல்லி, சொன்ன அளவுக்கு அது அசைகிறதா என்று பார்த்தார். மூடச் சொன்னால் பாதியில் நின்றது. பழைய வேக்யூம் வால்வாக இருந்தால் கைப்பம்ப் போதும்: காற்றை உறிஞ்சியதும் தண்டு எழ வேண்டும், பம்ப்பின் அளவுமானி முள் இறங்காமல் நிற்க வேண்டும். இறங்கினால் உள்ளே டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது; கழுவிப் பயனில்லை.

என்ஜின் ஆறிய பிறகே போல்ட்டில் கை வைத்தார். சூட்டில் இறுகிய போல்ட்டுக்கு எண்ணெய் விட்டு, முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாக அசைக்க வேண்டும். அவசரப்பட்டு உடைத்தால் அன்றைய பிழைப்பு போச்சு. வெளியே வந்த வால்வின் வாய் தீய்ந்த அடுப்புச் சட்டிபோல் இருந்தது. உதவிக்கு நின்ற பையன் ஸ்க்ரூடிரைவரை எடுத்தான். “டேய், அதை வைடா!” வால்வு உட்காரும் இடத்தில் ஒரு கீறல் விழுந்தாலும் பிறகு அது சரியாக மூடாது. கிளீனர் அடித்து, ஊறவிட்டு, நைலான் பிரஷ்ஷால் தேய்த்தார்கள். மோட்டார் இருக்கும் பக்கத்துக்கு ஈரம் போகாதபடி வால்வைச் சாய்த்தே பிடித்தார்கள். உள்ளே சிறு பல்சக்கரங்கள் உண்டு என்பதால் விரலால் அழுத்தித் திறக்கவில்லை. வால்வு சேரும் குழாயையும் சுரண்டினார்கள். புதுக் கேஸ்கெட் போட்டு மாட்டியபின், மூடிய நிலை எது என்று ஸ்கேனர் மூலம் கம்ப்யூட்டருக்கு மறுபடி கற்றுக்கொடுத்தார். அரை நாள் ஓடிவிட்டது.

“இதுக்குப் பேசாம தகடு வெச்சு அடைச்சிடலாமேண்ணா?” என்றார் வண்டிக்காரர்.

ஊரறிந்த குறுக்குவழி அது. கேஸ்கெட் இருக்கும் இடத்தில் ஒரு மெல்லிய தகடு. கரி வராது, இழுவையும் கிடைக்கும். டீசல் காருக்கு எடுக்கும் புகைச் சான்றிதழ் சோதனையில் புகையின் அடர்த்தியை மட்டுமே பார்க்கிறார்கள். நைட்ரஜன் ஆக்சைடை அளப்பதில்லை. அடைத்த வண்டியில் கரும்புகை குறையும் என்பதால் அது சோதனையிலும் சுலபமாகத் தேறிவிடும். கண்ணுக்குத் தெரியும் கரியைப் பிடித்துவிட்டு, தெரியாத நஞ்சுக்குச் சான்றிதழ் கொடுக்கிறோம்.

பெரிய இடத்திலும் இது நடந்ததுதான். சோதனைக் கூடத்தில் மட்டும் நைட்ரஜன் ஆக்சைடை அடக்கிக் காட்டும் மென்பொருளை ஃபோக்ஸ்வாகன் வைத்திருந்தது 2015-ல் வெளிப்பட்டது; இந்தியாவில் மட்டும் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைக்க நேர்ந்தது. ஓசூரில் ஆலைகள் வைத்திருக்கும் அசோக் லேலண்டோ, 2017-ல் பி.எஸ். 4 மாசு விதி வந்தபோது, நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கும் யூரியாக் கரைசலைத் தவிர்த்து, தன் லாரிகளுக்கு இ.ஜி.ஆர். நுட்பத்தையே நம்பியது. இத்தனை பெரிய ஏற்பாட்டைத் தோற்கடிக்க ஒரு தகடு போதும்.

மெக்கானிக்கிடம் கேட்டேன். “வெச்சதே இல்லைன்னா பொய் சார். நான் மாட்டேன்னா அடுத்த பட்டறையில வெச்சுக்குவாங்க. கழுவ அரை நாள், தகடு வைக்கக் கொஞ்ச நேரம். கூலி மட்டும் ஒண்ணா குடுக்குறாங்க.”

நைட்ரஜன் ஆக்சைடை அளக்கும் கருவி சான்றிதழ் மையங்களுக்கு வர வேண்டும். அது அரசின் வேலை. வண்டி வைத்திருப்பவர் செய்யக்கூடியது ஒன்று உண்டு: அரை நாள் உழைப்புக்கு அரை நாள் கூலியைப் பேரம் பேசாமல் கொடுப்பது.