கையிலிருப்பதைக் கொண்டு அலங்கரியுங்கள்



திருவருகைக் காலம் தொடங்கிவிட்டது. இவ்வாண்டு ஆலயத்தை எப்படி அலங்கரிக்கலாம் என்று வாலிபர்கள் என்னிடம் கேட்டார்கள். பதில் சொல்லுமுன் என் தவறு ஒன்றை உங்களிடம் அறிக்கையிட வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன், அலங்காரச் செலவுக்காக வீட்டுக்கு இவ்வளவு என்று நானே தொகை குறித்தேன். சென்னையிலிருந்து ஜிகினாத் தோரணங்களும் தெர்மாகோல் நட்சத்திரங்களும் வந்து இறங்கின. ஆலயம் ஜொலித்தது. ஆனால் பண்டிகை ஆராதனையில் ஒரு குடும்பத்தைக் காணவில்லை. மறுநாள் அவர்கள் வீட்டுக்குச் சென்றேன். எந்நேரமும் கேட்கும் தறிச் சத்தம் அங்கே இல்லை. அந்தத் தாயார் என் முகத்தைப் பாராமலே, "பாவு வந்து இருபது நாளாகிறது ஐயா. அலங்காரத்துக்குக் கொடுக்காமல் எப்படி வந்து உட்காருவது?" என்றார். ஜெபிக்க வாய் திறந்தேன், வார்த்தை வரவில்லை. இரட்சகரை வரவேற்க நான் கட்டிய தோரணம், அவருடைய பிள்ளை ஒருவருக்கு வாசலில் வேலியாகிவிட்டது.

அன்றிரவு யாத்திராகமம் 35-ஆம் அதிகாரத்தை வாசித்தேன். இறையியல் கல்லூரி நாட்களில் தேர்வுக்காகப் பலமுறை படித்த பகுதிதான். ஆசரிப்புக் கூடாரத்துக்காக மோசே காணிக்கை கேட்டபோது, மனமுவந்தவர்கள் தங்களிடம் இருந்ததைக் கொண்டுவந்தார்கள். பொன் இருந்தவர்கள் பொன்னைக் கொடுத்தார்கள்; ஸ்திரீகளோ தங்கள் கைகளால் நூற்ற நூலைக் கொடுத்தார்கள். ஆட்டுமயிரைத் திரித்தவர்களையும் வேதம் மறக்கவில்லை. நெசவுத் திறமையைத் தேவன் அருளிய ஞானம் என்றே அவ்வதிகாரம் சொல்லுகிறது. நெசவாளர் நிறைந்த பொதட்டூர்பேட்டையில் ஊழியம் செய்யும் நான், இதை அதுவரை கவனியாமல் போனேனே!

லூக்கா 2:7-ஐயும் நினைத்துப் பாருங்கள். பிறந்த பாலகனுக்கு மரியாள் செய்த ஒரே அலங்காரம் துணியால் சுற்றியதுதான். நம் ஆண்டவரின் திருமேனியைப் போர்த்தியது ஏதோ ஒரு நெசவாளரின் கைவேலை.

திருச்சபையின் அழகிய வழக்கங்கள் பலவும் எளிமையில் பிறந்தவையே. 1223-இல் அசிசியின் பிரான்சிஸ், இத்தாலியின் கிரெச்சோ என்னும் ஊரில் குடில் அமைத்தபோது வைக்கோலும் ஒரு மாடும் ஒரு கழுதையும் போதுமானவையாயின. 1839-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில், ஏழைப் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய போதகர் விச்செர்ன், பழைய வண்டிச் சக்கரத்தின்மேல் 20 சிறிய மெழுகுவர்த்திகளையும், ஞாயிறுகளுக்கென 4 பெரிய மெழுகுவர்த்திகளையும் வைத்தார். பண்டிகைக்கு இன்னும் எத்தனை நாள் என்று பிள்ளைகள் எண்ணிப் பார்ப்பதற்காகவே அப்படிச் செய்தார். திருவருகைக் கால வளையம் அதிலிருந்து வந்ததே.

ஆகவே இவ்வாண்டு நாம் செய்யவேண்டியவை இவை. நட்சத்திரத்துக்கு ஒரே அளவான 10 மூங்கில் சிம்புகள் வேண்டும். ஐந்தைந்தாகக் கட்டி இரண்டு நட்சத்திரங்கள் செய்து, ஒன்றின்மேல் ஒன்று வைத்து, ஐந்து முனைகளையும் சேர்த்துக் கட்டுங்கள். உட்புறம் சிம்புகள் குறுக்கிடும் ஐந்து இடங்களில் சாண் நீளத்துக்கும் குறைவான குச்சிகளை நிறுத்தினால் நடுப்பகுதி உப்பி நிற்கும். பட்டக் காகிதத்தை மைதாப் பசையால் ஒட்டுங்கள். உள்ளே எல்.இ.டி. விளக்கையே வையுங்கள், மெழுகுவர்த்தி வேண்டாம்.

குடிலின் புல்வெளிக்கு, டிசம்பர் 15 வாக்கில் தேங்காய்ச் சிரட்டைகளில் மண் நிரப்பிக் கேழ்வரகு விதையுங்கள். தினமும் நீர் தெளித்தால் பண்டிகைக்குள் பசுமையாக எழும்பும். பழைய காகிதத்தைக் கசக்கி, கரித்தூள் கலந்த கஞ்சியைப் பூசினால் மலையாகும். சவுக்குக் கிளை ஒன்று கிறிஸ்துமஸ் மரமாகும். தறியில் மிஞ்சும் நூலைக் குஞ்சமாகக் கட்டி அதில் தொங்கவிடுங்கள்.

இதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. எளிமையும் பெருமைக்கு இடமாகலாம். கடையில் வாங்கிய நட்சத்திரத்தைத் தன் வீட்டில் தொங்கவிடும் சகோதரனை அற்பமாய் எண்ணாதிருங்கள். என் தவறு கடையில் வாங்கியதல்ல. இல்லாதவரிடமும் தொகை குறித்ததே.

அடுத்த ஆண்டு நான் தொகை எதுவும் கேட்கவில்லை. வீட்டில் இருப்பதைக் கொண்டுவரும்படி மட்டும் அறிவித்தேன். அந்தத் தாயார் ஒரு பை நிறைய நூல் கழிவோடு வந்தார். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்துக் குஞ்சம் கட்டக் கற்றுக்கொடுத்தார். எனக்கும் கற்றுக்கொடுத்தார், நான் கட்டியது அவிழ்ந்துபோயிற்று. "ஐயா, இழுத்துக் கட்டணும்" என்று சிரித்தார். ஓராண்டுக்குப் பின் அவர் என்னைப் பார்த்துச் சிரித்தது அன்றுதான்.

இந்தச் சனிக்கிழமை மாலை ஆலயத்துக்கு வாருங்கள். கையில் இருப்பதைக் கொண்டுவாருங்கள். ஒன்றும் இல்லையென்றால் கைகளோடு வாருங்கள். முடிச்சுப் போட ஆட்கள் வேண்டும். வராதவர் வீட்டுக்கு நான் வருவேன், தொகை கேட்க அல்ல, உங்களை அழைத்துச் செல்ல.

தொழுவத்தில் இடம்கொண்ட ஆண்டவர் உங்கள் வீடுகளிலும் தங்குவாராக. ஆமென்.