விற்ற வண்டியும் விடாத பெயரும்

நாகபுரியில் எட்டாண்டு உழைத்த என் ஸ்கூட்டரைச் சென்ற ஆண்டு பக்கத்துத் தெருக்காரர் ஒருவருக்கு விற்றேன். பணம் பெற்று, 29, 30 ஆம் எண் படிவங்களில் கையொப்பமிட்டு அவரிடமே ஒப்படைத்தேன். ரசீதின்றி ஒரு மூட்டையையும் வெளியே விடாத ரயில்வே குமாஸ்தா நான்! ஆறு திங்கள் கழிந்து, விபத்து நஷ்டஈட்டு வழக்கின் சம்மன் என் பெயருக்கே வந்தது. பதிவேட்டில் எவர் பெயர் உளதோ அவரே உரிமையாளர் என உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்திருப்பதை வக்கீல் கூறினார். 29 ஆம் படிவமோ, விற்றவனே 14 நாட்களுக்குள் போக்குவரத்து அலுவலகத்தில் சேர்ப்பிக்க வேண்டியதாம். வண்டியை ஒப்படைத்த நாளும் நேரமும் குறித்து ஒரு வரிகூட நான் எழுதி வாங்கவில்லை. வழக்கு நடக்கிறது, இம்மாதம் இரண்டு விடுப்பு நாட்கள் அதற்கே சென்றன.